உரோமர் காலத்து வீடும் மொசைக் தரை ஓவியமும்: பாபொஸ் நகரின் டயோனிசஸ் இல்லம்

உரோமர் கலை பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது எமது மாணவர்களிற் பெரும்பாலானோர் கொலோசியம், வளைவு, நீர்க்கால்வாய், சக்கரவர்த்திகளின் சிலைகள் என எழுதி முடித்துவிடுகின்றனர். மொசைக் கலை பற்றிச் சிறுகுறிப்பு எழுதுமாறு கேட்டால், "பல நிறக் கற்களைக் கொண்டு செய்யப்பட்ட அழகிய ஓவியம்" என்ற ஒரே வசனத்தோடு பேனை நின்றுவிடுகின்றது. அந்த வசனம் பிழையன்று. ஆயினும் அது ஒரு புள்ளிக்கு மேல் பெற்றுத்தராது. எங்கே, யாருக்காக, எவ்வாறு, என்ன கதை, ஏன் அந்த இடத்தில் என்ற ஐந்துக்கும் ஒரு உண்மையான வீட்டை முன்வைத்து விடை சொல்லப் பழகிக்கொண்டால், வினா எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. அதற்காக இங்கு தெரிவுசெய்யப்பட்டிருப்பது சைப்பிரஸ் தீவில் உள்ள டயோனிசஸ் இல்லம் ஆகும்.

சைப்பிரஸ் எமக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. வேலைவாய்ப்புப் பெற்று அங்கு சென்றோர் எமது நாட்டில் பலர் உளர். மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில், இன்றைய துருக்கிக்குத் தெற்கே அமைந்த இத்தீவை உரோமர் கி.மு. 58 இல் தம் ஆட்சிக்குட்படுத்தினர். தீவின் தென்மேற்குக் கரையில் இருந்த பாபொஸ் துறைமுக நகரமே உரோமர் காலத்தில் அதன் தலைநகராக விளங்கியது. ஆட்சியாளர், வணிகர், கப்பல் உரிமையாளர், அப்ரொடைற்றி என்னும் காதல் தெய்வத்தின் கோயிலுக்கு வரும் யாத்திரிகர் எனப் பலரும் கூடிய இடம் அது. செல்வம் சேர்ந்த இடத்தில் பெரிய வீடுகளும் சேர்ந்தன.

வீடு

1962 ஆம் ஆண்டில் துறைமுகத்துக்கு அண்மையில் இருந்த வயல் நிலமொன்றை மட்டப்படுத்தும் வேலை நடைபெற்றபோது, மண்ணுக்குள்ளிருந்து நிறக் கற்கள் பதித்த தரை தற்செயலாக வெளிப்பட்டது. சைப்பிரஸ் தொல்பொருட் திணைக்களம் தொடர்ந்து அகழ்ந்தபோது ஏறத்தாழ 2000 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு மாளிகையின் அடிப்பாகம் முழுவதும் தெரியவந்தது. அதில் 40 க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அவற்றுள் 556 சதுர மீற்றர் பரப்பில் மொசைக் தளம் அமைந்திருந்தது. வீடு கட்டப்பட்ட காலம் கி.பி. 2 ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி எனக் கொள்ளப்படுகின்றது.

வீட்டின் நடுவே திறந்த முற்றம். அதனைச் சுற்றி நான்கு புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள். தாழ்வாரங்களுக்கு அப்பால் அறைகள். நாற்சார் வீட்டைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. உரோமர் இந்த நடுமுற்றத்தை ஏட்ரியம் என்றனர். கூரையில் விழும் மழைநீர் முற்றத்தின் நடுவிலுள்ள தொட்டியில் சேரும். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே அறைகளுக்குள் வரும். வீட்டில் மீன் வளர்த்த தடாகம் ஒன்றும் இருந்தது.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாக மனதிற் கொள்க. "டயோனிசஸ் இல்லம்" என்பது வீட்டுக்காரர் வைத்த பெயரன்று. மொசைக்குகளில் டயோனிசஸ் தெய்வம் மீண்டும் மீண்டும் வருவதால் பிற்காலத்தவர் இட்ட பெயர் அது. சொந்தக்காரர் யார் என்பதற்கு எந்த எழுத்துச் சான்றும் கிடைக்கவில்லை. எனவே "டயோனிசஸ் என்ற செல்வந்தர் வாழ்ந்த வீடு" என்று எழுதுவது பெரும் தவறாகும். அதேபோல இதனை ஆளுநரின் மாளிகை என்றும் எழுதக்கூடாது. ஆளுநர் வாழ்ந்ததாகக் கருதப்படுவது அருகிலுள்ள தீசியஸ் மாளிகை என்னும் வேறொரு கட்டடமாகும். அங்கும் மொசைக்குகள் உண்டு. தீசியஸ் என்னும் வீரன் காளைத் தலை கொண்ட மினோட்டோரை வென்ற காட்சி அங்குள்ளவற்றுட் புகழ்பெற்றது.

கூழாங்கல்லில் இருந்து கற்சில்லுக்கு

மொசைக் கலையை உரோமர் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் அதைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். தொடக்கத்தில் கிரேக்கர் ஆற்றிலும் கடற்கரையிலும் இயற்கையாகக் கிடைத்த கூழாங்கற்களையே தரையிற் பதித்து உருவம் அமைத்தனர். மசிடோனியாவின் பெல்லா நகரில் கி.மு. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய தளங்கள் உள்ளன. பின்னர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டளவில் கல்லைச் சிறு சதுரங்களாக வெட்டிப் பதிக்கும் முறை வந்தது. கூழாங்கல் உருண்டையானது, இடைவெளி விடும். வெட்டிய சில்லு ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும். எனவே கோடுகள் கூர்மையாகும், நிழலும் ஒளியும் காட்டலாம், முகத்திற்குச் சதைப்பற்றுத் தோன்றும். இம்மாற்றத்தின் காரணத்தை இவ்வாறு விளக்கி எழுதுபவருக்கே நல்ல புள்ளி கிடைக்கும்.

இம்மாற்றத்தை ஒரே இடத்தில் நேரில் காணக்கூடிய வாய்ப்பு இந்த வீட்டில் உண்டு. 1977 இல் உரோமர் காலத் தளத்துக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் கீழே இன்னொரு தளம் வெளிப்பட்டது. அது முழுவதும் கூழாங்கல்லால் ஆனது. பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை. அதில் இருப்பது ஸ்கில்லா என்னும் கடல் அரக்கி. ஹோமரின் ஒடிசியில் கப்பலோட்டிகளைப் பிடித்துத் தின்பவள் அவள். இடைக்கு மேல் பெண், கீழே மீன் உடல், இடையிலிருந்து நாய்களின் முன்பாகங்கள் புறப்படுகின்றன. இது உரோமர் வருகைக்கு முந்திய கிரேக்கக் காலத்து வீடொன்றின் தரை. அதன் மேல் மண் நிரவி, நூற்றாண்டுகள் கழித்துப் புதிய வீடு எழுந்தது. இன்று ஸ்கில்லாத் தளம் எடுத்து அவ்வில்லத்திலேயே பதித்து வைக்கப்பட்டுள்ளது.

தரை எவ்வாறு அமைக்கப்பட்டது

உரோமக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ் தமது நூலில் நல்ல தரை அமைக்கும் முறையை விளக்கியுள்ளார். முதலில் நிலத்தை இடித்து இறுக்கி, கைப்பிடியளவு கற்களைப் பரப்ப வேண்டும். அதன்மேல் உடைகல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்த கலவை. மரத் தண்டுகளால் இடித்து இறுக்கிய பின்னும் அது முக்கால் அடிக்குக் குறையக்கூடாது. அதாவது ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். அதன்மேல் நொறுக்கிய ஓட்டுத்தூள் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு கொண்ட மெல்லிய படை, ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். எல்லா வீட்டுக்காரரும் இதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினர் என எண்ண வேண்டாம். பல வீடுகளில் படைகள் இதைவிட மெல்லியவை.

இவற்றின்மேல் நுண்ணிய சுண்ணாம்புச் சாந்து சிறிது சிறிதாகப் பூசப்படும். ஈரம் காயும் முன்பே சில்லுகளைப் பதித்தாக வேண்டும். ஆகவே ஒரு நாளில் பதிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவர். சாந்தின் மீது உருவத்தின் கோடுகளை முதலில் கீறிக்கொள்வதும் நிறத்தால் வரைந்துகொள்வதும் உண்டு. பதித்து முடிந்தபின் மேற்பரப்பைத் தேய்த்து மட்டமாக்குவர். சீமெந்து இக்காலத்துப் பொருள். விடையில் அதை எழுதிவிட வேண்டாம்.

சில்லுகள் பெரும்பாலும் சுண்ணக்கல்லும் சலவைக்கல்லும் ஆகும். கல்லிற் கிடைக்காத பளிச்சென்ற நீலம், பச்சை போன்ற நிறங்களுக்கு கண்ணாடிச் சில்லுகள் பயன்பட்டன. கண்ணாடி நடந்தால் தேயும், உடையும்; விலையும் அதிகம். ஆகவே தரையில் அதைச் சிக்கனமாகவே கையாண்டனர். ஒரு சில்லின் பக்கம் ஒரு சென்ரிமீற்றர் எனக் கொண்டால் ஒரு சதுர மீற்றருக்கு 10,000 சில்லுகள் வேண்டும். 556 சதுர மீற்றருக்கு 55 இலட்சத்துக்கும் மேல். முகம், கை போன்ற இடங்களில் சில்லு இதைவிடச் சிறியது என்பதால் உண்மைத் தொகை இன்னும் கூடும். ஒவ்வொன்றும் கையால் வெட்டி, கையால் வைக்கப்பட்டது.

விருந்து மண்டபம்

உரோமச் செல்வந்தரின் வீட்டில் மிக முக்கியமான அறை விருந்து மண்டபமாகும். திரிக்கிளினியம் என்பது அதன் பெயர். மூன்று கட்டில்கள் என்பது அப்பெயரின் பொருள். அறையின் மூன்று பக்கங்களிலும் சாய்வுக் கட்டில்கள் இடப்பட்டிருக்கும். விருந்தினர் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி உண்பர். நான்காவது பக்கம் வாயிலாகவும் பணியாட்கள் உணவு கொண்டுவரும் வழியாகவும் இருக்கும். இதனால் கட்டில் வரும் இடங்களில் சிறந்த ஓவியம் வைத்துப் பயனில்லை. நடுவும் வாயிற்பக்கமுமே படத்துக்கு உரியவை. மொசைக் தளத்தைப் பார்த்தே அறையில் தளபாடம் எங்கே கிடந்தது என்று ஆய்வாளர் சொல்லக்கூடியதாக இருப்பதன் காரணம் இதுவே.

டயோனிசஸ் இல்லத்து விருந்து மண்டபத்தின் வாயிலில் டயோனிசசின் வெற்றி ஊர்வலம் அமைந்துள்ளது. திராட்சைக்கும் வைனுக்கும் உரிய இத்தெய்வம் இரண்டு சிறுத்தைகள் இழுக்கும் தேரில் அமர்ந்து வருகின்றது. உடன் சற்றேர்கள், ஆட்டுக்கால் கொண்ட பான், இசைப்போர் வருகின்றனர். கரிய நிறத்தினரான இந்தியக் கைதிகளும் அதில் உளர். கிரேக்கப் புராணத்தின்படி டயோனிசஸ் இந்தியா வரை சென்று வெற்றிகொண்டு திரும்பியவர். அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பின்னர் இக்கதை பெரிதும் பரவியது. இந்தியா என்பது அன்றைய மத்தியதரைக் கடல் மக்களின் மனதில் எவ்வளவு தூரத்து அதிசய நாடாக இருந்தது என்பதற்கும் இந்த ஊர்வலம் ஒரு சான்று. ஊர்வலத்தின் இரு பக்கங்களிலும் இரட்டையரான காஸ்டரும் பொலக்சும் தத்தம் குதிரையோடு நிற்கின்றனர்.

மண்டபத்தின் நடுவே திராட்சை அறுவடை. கொடிகள் தரை முழுவதும் சுருண்டு படர்ந்திருக்க, அவற்றினிடையே குலை பறிப்போரும், கூடை சுமக்கும் கழுதையும், பழம் கொறிக்கும் முயலும், பறவைகளும் உள்ளன. இவ்வீட்டு மொசைக்குகளுள் புராணக் காட்சிகளையே நூல்கள் புகழ்கின்றன. என்னைக் கேட்டால் இந்த அறுவடைக் காட்சியையே முதலில் வைப்பேன். இதில் தெய்வம் இல்லை, உழைப்போர் இருக்கின்றனர். அவர்கள் பறிக்கும் பழத்தின் இரசத்தையே மேலே கட்டிலில் சாய்ந்திருப்போர் பருகுகின்றனர்.

மேற்குத் தாழ்வாரத்தின் நான்கு கதைகள்

முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரங்களுள் மூன்றில் வேட்டைக் காட்சிகள் உள்ளன. வேட்டைக்காரரும் நாய்களும் கொடிய விலங்குகளும் அவற்றில் வருகின்றனர். வேட்டை செல்வந்தரின் பொழுதுபோக்கு. விலங்குச் சண்டைகள் நகர மக்களின் கேளிக்கை. இவை புராணமல்ல என்பதால் இங்கு விரிக்கவில்லை. விருந்து மண்டபத்தை ஒட்டிய மேற்குத் தாழ்வாரத்திலேயே நான்கு புராணக் கதைகள் வரிசையாக உள்ளன. விருந்தினர் மண்டபத்துக்கு அருகே நடக்கும்போது இவற்றைக் கடப்பர்.

ஒரு கதை அப்பலோவும் டப்னியும். அப்பலோ துரத்திவர, ஓடிய டப்னி தந்தையான பெனியஸ் நதித் தெய்வத்தை வேண்டி லோரல் மரமாக மாறினாள். காட்சியில் நதித் தெய்வம் சாய்ந்து கிடக்கின்றது. இன்னொன்று பொசைடனும் அமிமோனியும். வறண்ட ஆர்கொஸ் நாட்டில் தண்ணீர் தேடி வந்த அமிமோனியைக் கடல் தெய்வமான பொசைடன் சந்திக்கின்றான். அவன் கையில் திரிசூலம், அவளிடம் தண்ணீர்க் குடம்.

மூன்றாவது கதை இந்த வீட்டுக்கே பொருத்தமானது. அத்திக்காவைச் சேர்ந்த இக்காரியஸ் என்னும் உழவன் டயோனிசசை வரவேற்று உபசரித்தான். மகிழ்ந்த தெய்வம் அவனுக்குத் திராட்சைக் கொடியையும் வைன் செய்யும் முறையையும் பரிசாக அளித்தது. இக்காரியஸ் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. தோற்பைகளில் வைனை நிரப்பி மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்று இடையருக்குக் கொடுத்தான். அவர்கள் முன்பின் அறியாத அப்பானத்தை நீர் கலக்காமற் குடித்து மயங்கினர். தங்களுக்கு நஞ்சூட்டிவிட்டான் என எண்ணி இக்காரியஸைக் கொன்றனர். அவன் மகள் எரிகொனியும் துயரம் தாங்காது உயிர் துறந்தாள். (சிறகு கட்டிப் பறந்து கடலில் விழுந்த இக்காரஸ் வேறு, இந்த இக்காரியஸ் வேறு. பெயரொற்றுமையால் மயங்க வேண்டாம்.)

மொசைக்கில் ஒரு பக்கம் டயோனிசஸ் அமர்ந்திருக்க அக்மி என்னும் பெண் கிண்ணத்தில் பருகுகின்றாள். நடுவே வண்டியோடு இக்காரியஸ். மறுபக்கம் தள்ளாடும் இரு இடையர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் உள்ளது. இடையருக்கு மட்டும் பெயரில்லை. "வைனை முதலிற் குடித்தவர்கள்" என்று எழுதப்பட்டுள்ளது. கொலை காட்டப்படவில்லை. கதை தெரிந்த விருந்தினருக்கு அது தேவையுமில்லை. சில நாழிகைக்குப் பின் அவரும் அதே வைனைக் குடிக்கப் போகின்றார். சிரிப்பா, எச்சரிக்கையா, தெய்வத்துக்கு நன்றியா? மூன்றும் சேர்ந்திருக்கலாம். பரீட்சையில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள்.

இவ்வெழுத்துக்கள் எந்த மொழியில் உள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது. உரோம ஆட்சிக் காலம் என்றவுடன் இலத்தீன் என்று எழுதுவோர் பலர். உண்மையில் அவை கிரேக்க எழுத்துக்கள். பேரரசின் கிழக்கு மாகாணங்களில் ஆட்சி உரோமருடையதாயினும், நகர மக்களின் மொழியும் கல்வியும் கிரேக்கமாகவே இருந்தன.

பைரமஸ்: தவறா, வேறு கதையா?

நான்காவது கதையே மிகச் சுவையானது. உரோமக் கவிஞர் ஓவிட் தமது உருமாற்றங்கள் என்ற நூலில் பைரமஸ், திஸ்பி என்னும் பபிலோனியக் காதலரின் கதையைச் சொல்கின்றார். அயல்வீட்டார், பெற்றோர் சம்மதிக்கவில்லை, இரவில் ஒரு மரத்தடியில் சந்திக்க முடிவுசெய்கின்றனர். முதலில் வந்த திஸ்பி பெண் சிங்கத்தைக் கண்டு ஓடுகையில் அவளது முக்காடு விழுகின்றது. இரத்தம் தோய்ந்த வாயால் சிங்கம் அதைக் கிழிக்கின்றது. பின்னர் வந்த பைரமஸ் அவள் இறந்தாள் என எண்ணித் தன்னை மாய்த்துக்கொள்ள, திரும்பி வந்த அவளும் அவ்வாறே செய்கின்றாள். ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தில் தொழிலாளர் நடிக்கும் கதையும் இதுவே.

மொசைக்கில் அஞ்சி நிற்கும் திஸ்பி உள்ளாள். முக்காட்டைக் கவ்விய விலங்கும் உண்டு. ஆனால் அது சிங்கமன்று, சிறுத்தை. பைரமஸ் இளைஞனாக இல்லை. நீர் வழியும் குடத்தின்மீது சாய்ந்து, கையில் வளக்கொம்பு ஏந்திய நதித் தெய்வமாகக் காணப்படுகின்றான். பெயரும் தெளிவாக எழுதப்பட்டுள்ளது.

இதனைக் கைவினைஞரின் தவறு என்று நெடுங்காலமாக நூல்கள் எழுதிவந்தன. சைப்பிரசுக்கு எதிர்க்கரையில், சிலீசியாவில் (இன்று துருக்கியிலுள்ள ஜெய்ஹான் ஆறு) பைரமஸ் என்ற பெயரில் ஓர் ஆறு ஓடியது. ஆகவே அவர் காதலனையும் ஆற்றையும் குழப்பிக்கொண்டார் என்பது அவ்விளக்கம். ஆனால் கிழக்குப் பகுதிகளில் வேறொரு கதைவடிவமும் வழங்கியது. அதில் பைரமஸ் ஆறாகவும் திஸ்பி நீரூற்றாகவும் மாறுகின்றனர். அக்கதையை அறிந்தவரே இத்தளத்தை அமைத்திருந்தால் நதித் தெய்வம் தவறல்லவே. முக்காடும் விலங்கும் ஒரு கதையிலிருந்தும் நதி இன்னொரு கதையிலிருந்தும் வந்து இங்கு சேர்ந்திருக்கலாம். எமக்குக் கிடைத்த ஒரு நூலில் இல்லை என்பதற்காகப் பழைய கைவினைஞரை அறியாதவர் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். சான்றை எடைபோடும் ஆற்றலைச் சோதிக்கும் வினாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஏனைய அறைகள்

ஓர் அறையில் நீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கும் நார்சிசஸ். இன்னோர் அறையில் நான்கு பருவங்கள். கோடைக்குத் தானியக் கதிர், மாரிக்கு முதியவர் உருவம் என அடையாளங்கள். அதன் அருகே வருவோரை வாழ்த்தும் சிறு கிரேக்கச் சொற்கள்: "மகிழ்க", "நீயும்". வீட்டுக்காரர் சொல்ல வருபவர் மறுமொழி கூறுவது போன்ற இந்த இரண்டு சொல்லும் தரையிலேயே உள்ளன. தோகை விரித்த மயில் ஒன்றும் உண்டு.

பீட்ராவும் ஹிப்பொலிட்டசும் வரும் தளம் துன்பக்கதை. தீசியஸின் மனைவியான பீட்ரா தன் மாற்றுமகன் ஹிப்பொலிட்டசை விரும்பி மடல் அனுப்ப, அவன் மறுக்கின்றான். அவள் வீண்பழி சுமத்த, அவன் அழிகின்றான். வேட்டை உடையில், நாயோடு, கையில் மடலை வைத்தபடி அவன் நிற்கும் கணமே இங்கு தெரிவுசெய்யப்பட்டுள்ளது.

கனிமீட் தளத்தில் சியூஸ் கழுகு வடிவில் திரோய் நாட்டு இளவரசனைத் தூக்கிச் செல்கின்றார். இங்கு கழுகின் சிறகு முனைகள் சட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுண்டு நிற்கின்றன. மாதிரிப் படம் ஒன்றிலிருந்து எடுத்து அளவை மாற்றும்போது இடம் போதாமற் போயிருக்கின்றது. பைரமஸ் விடயத்தில் ஐயம் உண்டு. இது கணக்குத் தவறுதான்.

செய்தவர்கள்

இத்தளங்களில் கைவினைஞரின் கையொப்பம் எதுவும் இல்லை. அவர்களின் நிலையை அறிய வேறொரு சான்றை நாடவேண்டும். கி.பி. 301 இல் டயோக்கிளீசியன் சக்கரவர்த்தி பொருட்களுக்கும் கூலிக்கும் உச்ச வரம்பு விதித்துக் கட்டளை பிறப்பித்தார். அதன்படி தரை மொசைக் பதிப்பவருக்கு நாட்கூலி 50 தினாரி, உணவு வேறு. வெதுப்பகத் தொழிலாளிக்கும் அதே 50. பண்ணைக் கூலியாளுக்கு 25. உருவங்களை வரையும் ஓவியருக்கோ 150. டயோனிசஸ் இல்லம் இக்கட்டளைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. ஆகவே தொகையை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒப்பீடு உதவும். நாம் இன்று மாபெரும் கலைஞர் என்று போற்றுபவரைத் தம் காலத்தவர் பாண் சுடுபவருக்குச் சமமான தொழிலாளியாகவே மதித்தனர். படத்தை எண்ணியவருக்கும் அதைக் கல்லில் பதித்தவருக்கும் இடையில் மூன்று மடங்கு வேறுபாடு இருந்தது.

அழிவும் பாதுகாப்பும்

கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் சைப்பிரசைத் தாக்கிய நிலநடுக்கங்களால் இவ்வீடு இடிந்து கைவிடப்பட்டது. தலைநகரும் பாபொஸிலிருந்து தீவின் கிழக்கிலுள்ள சலாமிசுக்கு மாறியது. சுவர்களின் கல்லைப் பிற்காலத்தவர் எடுத்துச் சென்றனர். தரையை மண் மூடிக் காத்தது. 1980 இல் பாபொஸ் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று வீட்டின்மேல் கூரை அமைக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் தளத்தில் கால் வைக்காமல் உயரமான நடைபாதையில் நடந்து பார்க்கின்றனர். நடப்பதற்காகவே செய்யப்பட்ட ஓவியத்தில் நடக்கக்கூடாது என்பது விந்தைதான். வேறு வழியும் இல்லை.

கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் மொசைக்குகளைப் பெயர்த்தெடுத்து, இரும்புக் கம்பி வைத்த கொங்கிறீற் பலகையில் மீண்டும் பதித்தனர். காலப்போக்கில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற் வெடித்து, சில்லுகளும் கழன்றன. ஆகவே இப்போது இயன்றவரை பழைய சுண்ணாம்புப் படையோடு, இருந்த இடத்திலேயே பாதுகாப்பதே சிறந்த முறை எனக் கொள்ளப்படுகின்றது.

பயிற்சி

பின்வருவனவற்றுக்கு நூலைப் பாராது விடை எழுதிப் பார்க்கவும். கூழாங்கல் மொசைக்குக்கும் வெட்டிய சில்லு மொசைக்குக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வில்லத்தின் இரு தளங்களைக் கொண்டு விளக்குக. டயோனிசஸின் உருவம் விருந்து மண்டபத்திலும் அதன் அருகிலும் இடம்பெற்றமைக்கான காரணங்கள் யாவை? எழுத்துக்கள் கிரேக்கத்தில் அமைந்தமை எதனைக் காட்டுகின்றது? "பைரமஸ் தளம் கைவினைஞரின் அறியாமைக்குச் சான்றாகும்." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? (இறுதி வினாவுக்கு ஆம், இல்லை என்ற இரண்டில் எதை எழுதினாலும் புள்ளி உண்டு, காரணம் இல்லாமல் எழுதினால் இல்லை.)